பள்ளி உளவியல் படிக்க நிதி தேடுகிறீர்களா? அமெரிக்க ஃபெல்லோஷிப்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பள்ளி உளவியலாளராகப் படிக்க ஆசை இருக்கிறது, ஆனால் அதற்கான பணம் கையில் இல்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாததால்தான் பலரும் மாதக்கணக்கில் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் துறையில் பெரிய தொகை மாணவருக்கு நேராக வருவதில்லை. மத்திய அரசு ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பல ஆண்டுத் திட்டமாக நிதி ஒதுக்குகிறது. அந்தத் திட்டத்தை நடத்தும் பேராசிரியர்கள், தாங்கள் சேர்த்துக்கொண்ட மாணவர்களில் சிலருக்கு அதைப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

ஆகவே ஸ்காலர்ஷிப் தேடித் தரும் இணையதளங்களில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பதால் பெரிய பலன் இல்லை. நிதி இருக்கும் துறையைக் கண்டுபிடிக்க வேண்டும், அதை நடத்துபவரிடம் நேராகக் கேட்க வேண்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். இந்த மூன்றில் கடைசியைத்தான் பெரும்பாலோர் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். அதனால் அதற்கு இங்கே கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில் பட்டம், பிறகு பணம்

பள்ளி உளவியலாளராக வேலை பார்க்க டாக்டர் பட்டம் கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலானோர் ஸ்பெஷலிஸ்ட் நிலைப் பட்டத்தோடுதான் பள்ளிகளில் வேலை பார்க்கிறார்கள். எட்.எஸ்., எஸ்.எஸ்.பி., எம்.ஏ.வுடன் ஒரு சான்றிதழ் என்று பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறும். படிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கமான என்.ஏ.எஸ்.பி.யின் 2020 தரநிலைப்படி குறைந்தது 60 செமஸ்டர் மணி பாடங்களும், 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் வேண்டும். அதில் 600 மணி நேரமாவது பள்ளியில் இருக்க வேண்டும். நடைமுறையில் இது மூன்று ஆண்டுகள்: இரண்டு ஆண்டு வகுப்பும் பிராக்டிகம் எனப்படும் பகுதிநேரக் களப் பயிற்சியும், மூன்றாவது ஆண்டு முழுநேர இன்டர்ன்ஷிப்.

டாக்டர் பட்டம் ஐந்து, ஆறு ஆண்டுகள் இழுக்கும். ஆராய்ச்சி, கல்லூரியில் கற்பித்தல், பள்ளிக்கு வெளியே உரிமம் பெற்ற உளவியலாளராகத் தனியாகத் தொழில் நடத்துதல் ஆகியவை வேண்டும் என்றால் அதுதான் வழி.

இங்கே ஒரு சபலம் வரும். முழு நிதி கிடைப்பது பி.எச்டி.யில்தான் அதிகம், ஸ்பெஷலிஸ்ட் பட்டத்தில் குறைவு. "அப்படியானால் பி.எச்டி.க்கே போய்விடலாமே" என்று தோன்றும். பணத்துக்காக மட்டும் அந்த முடிவை எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஸ்டைபெண்டில், அதாவது வாழ்க்கைச் செலவுக்குத் தரும் சிறு உதவித்தொகையில், வாழும் கூடுதல் இரண்டு மூன்று ஆண்டுகள், பள்ளியில் முழுச் சம்பளம் வாங்கியிருக்கக்கூடிய ஆண்டுகள். ஆராய்ச்சியில் மனம் இல்லாதவர் ஆய்வேட்டோடு மல்லுக்கட்டுவதும் எளிதல்ல. நாள்தோறும் பள்ளியில் குழந்தைகளோடு இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், பாதி நிதியோடு கிடைக்கும் ஸ்பெஷலிஸ்ட் இடமே உங்களுக்கு நல்ல இடம்.

எந்தப் பட்டமானாலும் அந்தப் படிப்புக்கு என்.ஏ.எஸ்.பி. அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். டாக்டர் பட்டம் என்றால் அமெரிக்க உளவியல் சங்கமான ஏ.பி.ஏ.வின் அங்கீகாரமும் வேண்டும். இரண்டு பட்டியல்களும் அந்தச் சங்கங்களின் இணையதளங்களில் இருக்கின்றன. அங்கீகாரம் இல்லாத படிப்பில் நிதி கிடைத்தாலும், பின்னால் வேறு மாநிலத்துக்கு மாறும்போது சிரமப்பட நேரிடும்.

பணம் வரும் வழிகள்

நிதி கிடைப்பதற்கு அடிப்படைக் காரணம் ஆள் பற்றாக்குறை. 500 மாணவர்களுக்கு ஒரு பள்ளி உளவியலாளர் இருக்க வேண்டும் என்பது என்.ஏ.எஸ்.பி.யின் பரிந்துரை. நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஒருவர்தான் இருக்கிறார். அந்த இடைவெளியை நிரப்பத்தான் அரசு பயிற்சிக்குச் செலவு செய்கிறது. உங்களுக்குக் கிடைக்கும் பணத்தின் நோக்கம் இதுதான் என்று புரிந்துகொண்டால், விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும், ஒப்பந்தத்தில் ஏன் அப்படியெல்லாம் நிபந்தனை இருக்கிறது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

முதல் வழி, கல்வித் துறையின் கீழுள்ள சிறப்புக் கல்வித் திட்ட அலுவலகம். ஓசெப் என்பார்கள். மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான ஐ.டி.இ.ஏ. சட்டத்தின் டி பிரிவில், பணியாளர்களைப் பயிற்றுவிக்க நிதி உண்டு. மத்திய அரசின் உதவித் திட்டப் பட்டியலில் இதன் எண் 84.325. இதில் கே என்ற எழுத்தோடு வரும் பிரிவு, அதிகத் தேவைகள் உள்ள குழந்தைகளோடு வேலை செய்யப் பல துறையினரைச் சேர்த்துப் பயிற்றுவிப்பது. பள்ளி உளவியல் மாணவரும், சிறப்புக் கல்வி ஆசிரியராகவோ பேச்சுப் பயிற்சியாளராகவோ படிப்பவரும் ஒரே திட்டத்தில் சேர்ந்து சில பாடங்களைப் படிப்பார்கள். டி என்ற எழுத்தோடு வருவது டாக்டர் பட்ட மாணவர்களுக்கானது. இந்தத் திட்டங்களில் நிதியின் பெரும்பங்கு மாணவர் உதவிக்கே போக வேண்டும் என்பது விதி. கட்டணம், ஸ்டைபெண்ட், சில திட்டங்களில் மாநாட்டுக்குப் போகும் செலவு வரை கிடைக்கும்.

இரண்டாவது வழி பள்ளி மனநல நிதி. 2022-இல் வந்த இரு கட்சி பாதுகாப்பான சமூகங்கள் சட்டம் பள்ளிகளில் மனநலப் பணியாளர்களைப் பெருக்க நூறு கோடி டாலர் ஒதுக்கியது. அதில் ஒரு பகுதி, பல்கலைக்கழகமும் தேவை மிகுந்த பள்ளி மாவட்டமும் கூட்டுச் சேர்ந்து மாணவர்களைப் பயிற்றுவிப்பதற்கு. மாணவர் அந்த மாவட்டப் பள்ளிகளிலேயே பயிற்சி பெறுவார். 2025 ஏப்ரலில் கல்வித் துறை இந்த நிதிகளில் பெரும்பகுதியை நிறுத்துவதாக அறிவித்தது. மாநிலங்கள் நீதிமன்றம் போயின. அதே ஆண்டின் பிற்பகுதியில் பள்ளி உளவியலாளர்களை முன்னிறுத்திப் புதிய போட்டியும் அறிவிக்கப்பட்டது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. மத்திய அரசு நிதி ஐந்து ஆண்டுக்கு என்று ஆரம்பித்தாலும் நடுவில் நிற்கக்கூடும். அதைக் கணக்கில் வைத்துத்தான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும்.

மூன்றாவது, எந்த ஆண்டிலும் நம்பக்கூடிய பழைய வழி: அசிஸ்டென்ட்ஷிப். பேராசிரியரின் ஆராய்ச்சியில் உதவுவது, இளநிலை வகுப்பில் கற்பிக்க உதவுவது, சில சமயம் விடுதி நிர்வாகம், மாணவர் ஆலோசனை மையம், நூலகம் என்று வேறு அலுவலகங்களில் வேலை. வாரம் 10 மணி நேரம் என்றால் கால் நேரம், 20 என்றால் அரை நேரம். அரை நேர வேலைக்குப் பெரும்பாலும் கட்டண விலக்கும் ஸ்டைபெண்டும் சேர்ந்தே வரும். உளவியல் துறைக்குள் மட்டும் தேடாதீர்கள். ஸ்பெஷலிஸ்ட் மாணவர்களுக்குத் தங்கள் துறையில் கிடைக்காத அசிஸ்டென்ட்ஷிப் வளாகத்தின் வேறொரு மூலையில் கிடைப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

இன்னும் இரண்டு உண்டு. லெண்ட் என்ற திட்டம், மத்திய அரசின் தாய்சேய் நலப் பிரிவின் நிதியில் நாடு முழுவதும் சுமார் 60 இடங்களில் நடக்கிறது. நரம்பு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகப் பல துறை மாணவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கிறது. நீண்டகாலப் பயிற்சியில் சேர்பவர் குறைந்தது 300 மணி நேரம் முடிக்க வேண்டும். இது முழுப் படிப்புக்கும் நிதி தராது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவருக்கு ஓர் ஆண்டு கைகொடுக்கும். அப்புறம், இன்டர்ன்ஷிப் ஆண்டு. சில மாவட்டங்கள் பயிற்சியாளருக்கு நல்ல ஊதியம் தருகின்றன, சில ஒன்றுமே தருவதில்லை. முந்தைய மாணவர்கள் எந்த மாவட்டங்களில் எவ்வளவு ஊதியம் பெற்றார்கள் என்று துறையிடம் கேளுங்கள். மூன்று ஆண்டுப் படிப்பில் ஒரு முழு ஆண்டின் வரவை இது தீர்மானிக்கிறது.

உங்கள் விசா நிலை என்ன?

தேடலில் இறங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மேலே சொன்ன எல்லா வழிகளிலும் விண்ணப்பிக்கலாம். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் வருபவருக்கு ஓசெப் உதவித்தொகை கிடைக்காது. லெண்ட் ஸ்டைபெண்டும் அப்படித்தான். கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள், நிரந்தரமாகத் தங்கும் நோக்கத்தோடு இருப்பதற்குக் குடிவரவு அலுவலகத்தின் சான்று காட்ட முடிந்தால் விதியில் இடமுண்டு. உங்கள் நிலையைத் திட்ட இயக்குநரிடம் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எஃப்-1 மாணவருக்கு முக்கிய வழி அசிஸ்டென்ட்ஷிப்பும் பல்கலைக்கழகத்தின் சொந்த ஃபெல்லோஷிப்பும்தான். வகுப்புகள் நடக்கும் பருவத்தில் வளாகத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதி இல்லை. அசிஸ்டென்ட்ஷிப் கடிதம் கிடைத்தால், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் நிதி ஆதாரமாக அதைக் காட்டலாம். வளாகத்துக்கு வெளியே ஊதியத்தோடு பிராக்டிகமோ இன்டர்ன்ஷிப்போ செய்ய சி.பி.டி. என்ற, படிப்பின் பகுதியான பயிற்சிக்கான வேலை அனுமதி வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: முழுநேர சி.பி.டி. மொத்தம் 12 மாதத்தை எட்டினால், அதே பட்ட நிலையில் படிப்புக்குப் பிந்தைய ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி கிடைக்காது. இன்டர்ன்ஷிப் பள்ளி ஆண்டோடு முடிவதால் வழக்கமாகச் சிக்கல் வராது. ஆனால் கோடையிலும் முழுநேரப் பயிற்சி சேர்த்தால் கணக்கு மீறிவிடலாம். சர்வதேச மாணவர் அலுவலகத்தோடு உட்கார்ந்து மாதங்களை எண்ணிப் பாருங்கள்.

எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசாவில், இருந்துகொண்டு படிக்க நினைப்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். எச்-4-இல் படிக்கலாம், சில மாநிலங்களில் உள்ளூர்வாசிக் கட்டணமும் கிடைக்கும். ஆனால் அசிஸ்டென்ட்ஷிப் என்பது வேலை. வேலை அனுமதி அட்டை இல்லாமல் அதை ஏற்க முடியாது. ஊதியம் தரும் இன்டர்ன்ஷிப்பும் அப்படியே. எஃப்-1-க்கு மாறினால் இந்த வேலைகள் திறக்கும், ஆனால் உள்ளூர்வாசிக் கட்டணம் பறிபோகலாம். எது லாபம் என்பது மாநிலத்தையும் கிடைக்கும் ஆஃபரையும் பொறுத்தது. இரண்டு கணக்கையும் தாளில் எழுதிப் பார்த்த பிறகே மாறுங்கள்.

நிதியுள்ள துறையைக் கண்டுபிடிப்பது

விண்ணப்பிக்க வேண்டிய ஆண்டின் கோடையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலை எடுத்து, நீங்கள் வாழத் தயாராக இருக்கும் மாநிலங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் பேராசிரியர்களின் விவரக் குறிப்புகளைப் படியுங்கள். "பயிற்சி நிதியின் இயக்குநர்", "இணை இயக்குநர்" என்று யாராவது இருந்தால் அந்தத் துறையில் இப்போதோ சமீபத்திலோ பணம் இருந்திருக்கிறது. மத்திய அரசு யார் யாருக்கு நிதி கொடுத்தது என்பதைப் பொதுமக்கள் தேட யூ.எஸ்.ஏ.ஸ்பெண்டிங் என்ற அரசு இணையதளம் இருக்கிறது. அதில் 84.325 என்ற எண்ணைக் கொடுத்தால் நிதி பெற்ற பல்கலைக்கழகங்களும், திட்டம் தொடங்கிய தேதியும், முடியும் தேதியும் வரும். மனநலப் பணியாளர் பயிற்சி நிதிக்கு 84.184 என்று தேடுங்கள்.

முடியும் தேதியை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், ஐந்தாண்டுத் திட்டத்தின் நான்காவது ஆண்டில் நீங்கள் சேர்ந்தால் உங்களுக்கு இரண்டு ஆண்டுகள்தான் மிச்சம். மூன்றாம் ஆண்டுச் செலவு உங்கள் கையிலிருந்து போக வேண்டியிருக்கும். அதே துறை புதிய திட்டத்துக்கு விண்ணப்பித்திருக்கலாம். ஆனால் அது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வாடகை கட்ட முடியாது.

பேராசிரியருக்கு எழுதுவது

செப்டம்பரில் எழுதுங்கள். சின்ன மின்னஞ்சல் போதும்: நீங்கள் யார், எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறீர்கள், குழந்தைகளோடு உங்களுக்கு என்ன அனுபவம், உங்கள் விசா நிலை என்ன. இவை நான்கு வரியில் அடங்கிவிடும். அதன் பிறகு நேராகக் கேள்வி. இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவோ என்று நம்மில் பலர் தயங்குகிறோம். தயங்க வேண்டாம். நிதியை முழுவதுமாகச் செலவிட்டு, மாணவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினோம் என்று அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு அந்தப் பேராசிரியருக்கு இருக்கிறது. பொருத்தமான மாணவர் தேடி வந்தால் அவருக்கும் நல்லதுதான்.

கேட்க வேண்டியவை இவை:

- வரும் கல்வி ஆண்டில் சேருபவர்களுக்கு நிதி உள்ள இடங்கள் எத்தனை? ஏற்கெனவே படிப்பவர்களுக்குப் போய்விட்டனவா?
- நிதி எத்தனை ஆண்டுகளுக்கு? இன்டர்ன்ஷிப் ஆண்டும் அடங்குமா?
- சேர்க்கை விண்ணப்பமே போதுமா, ஃபெல்லோஷிப்புக்குத் தனி விண்ணப்பம் உண்டா, அதன் கடைசித் தேதி என்ன?
- திட்டம் நடுவில் நின்றால் மாணவர்களை எப்படித் தாங்கிப் பிடிப்பீர்கள்?

கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் மிக முக்கியம். "அப்படி நடக்காது" என்பது பதில் அல்ல. "2025-இல் நிதி நின்றபோது இத்தனை மாணவர்களை அசிஸ்டென்ட்ஷிப்புக்கு மாற்றினோம்" என்பது போலச் சொல்லும் துறையை நம்பலாம்.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் துறை ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். பணம் இருக்கும் நிலவரம் பல சமயம் அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

விண்ணப்பம்

டாக்டர் பட்டப் படிப்புகளுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில் வரும். ஸ்பெஷலிஸ்ட் படிப்புகளுக்கு ஜனவரி, பிப்ரவரி. கடைசித் தேதிக்குப் பிறகும் விண்ணப்பம் வாங்கும் துறைகள் உண்டு, ஆனால் நிதி முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடும். ஜி.ஆர்.இ. தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. அதற்குப் பணம் கட்டும் முன் உங்கள் பட்டியலில் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

நோக்கக் கட்டுரையில் "சிறு வயதிலிருந்தே உளவியலில் ஆர்வம்" என்று தொடங்குபவர்கள் ஏராளம். நிதிக் குழு தேடுவது அதை அல்ல. பயிற்சி முடிந்ததும் இந்த ஆள் பள்ளிக்குப் போவாரா, அங்கே நிலைத்து நிற்பாரா என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே நீங்கள் வேலை செய்த குழந்தைகளைப் பற்றி, அவர்களின் அடையாளம் வெளிப்படாமல், குறிப்பாக எழுதுங்கள். பேச்சு வராத நான்கு வயதுக் குழந்தையோடு படங்களை வைத்து வேலை செய்தேன், வகுப்பை விட்டு ஓடும் பையனை உட்கார வைக்க ஆசிரியர் என்ன செய்தார், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஓசெப் திட்டம் என்றால் மற்றத் துறையினரோடு சேர்ந்து வேலை செய்த அனுபவம் ஒன்றாவது கட்டுரையில் இருக்க வேண்டும்.

அப்படி அனுபவமே இல்லை என்றால் ஓர் ஆண்டு பொறுத்து அதைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பள்ளியில் வகுப்பு உதவியாளர் வேலை, பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்கள், ஆர்.பி.டி. எனப்படும் நடத்தைப் பயிற்சி உதவியாளர் வேலை எல்லாம் உதவும். ஆர்.பி.டி.க்கு 40 மணி நேரப் பயிற்சியும், ஒரு திறன் மதிப்பீடும், ஒரு தேர்வும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் தங்கள் ஊர்ச் சிறப்புப் பள்ளிகளில் செய்த வேலையை எழுதலாம். அது எந்த வகையிலும் குறைந்தது அல்ல.

இரண்டு மொழி பேசுபவர் என்பதையும் அடக்கி வாசிக்க வேண்டாம். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் குழந்தைக்குக் கற்றல் குறைபாடா, அல்லது மொழி இன்னும் கைவரவில்லையா என்று பிரித்தறிவது இந்தத் தொழிலின் மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. அதை உள்ளிருந்து உணர்ந்தவருக்கு மதிப்பு இருக்கிறது. சில திட்டங்கள் பன்மொழிக் குழந்தைகளை மையமாக வைத்தே நிதி பெறுகின்றன.

ஆஃபர் கடிதத்தைப் படிப்பது

பிப்ரவரி, மார்ச்சில் நேர்காணலும் முடிவுகளும் வரும். "முழு நிதி" என்று தொலைபேசியில் சொன்னாலும் கடிதம் வரும் வரை எதையும் நம்பி வேறு இடத்தை விடாதீர்கள். கடிதம் வந்ததும் பென்சிலோடு உட்காருங்கள்.

கட்டண விலக்கு எத்தனை கிரெடிட் வரை? ஸ்பெஷலிஸ்ட் மாணவர் ஒரு பருவத்தில் 12, 15 கிரெடிட் எடுப்பார். விலக்கு 9 கிரெடிட்டுக்கு மட்டும் என்றால் மீதிக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். விலக்கு முழுக் கட்டணத்துக்கா, அல்லது வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் தொகைக்கு மட்டுமா? மாணவர் சேவை, தொழில்நுட்பம் என்று பல பெயரில் வரும் இதரக் கட்டணங்கள் அடங்குமா? பெரும்பாலும் அடங்காது, ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் வரை போகக்கூடும். மருத்துவக் காப்பீடு உண்டா? ஸ்டைபெண்ட் ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? கோடை வகுப்பு கட்டாயமான படிப்பில் ஒன்பது மாத ஸ்டைபெண்ட் என்றால் மூன்று மாதம் வருமானமே இல்லாமல் கட்டணமும் கட்ட வேண்டிவரும்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் பிராக்டிகம், மாலை வகுப்புகள், அவற்றோடு 20 மணி நேர வேலை என்றால் இரண்டாம் ஆண்டு மிகக் கடுமையாக இருக்கும். சிறு குழந்தை வைத்திருப்பவர், குறைந்த பணத்துக்கு 10 மணி நேர வேலையைத் தேர்ந்தெடுப்பதில் எந்தத் தவறும் இல்லை.

இரண்டு ஆஃபர் இருந்தால் ஏப்ரல் 15 உங்களுக்குத் துணை. பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் மன்றத்தின் தீர்மானத்தில் கையெழுத்திட்டிருக்கும் பல்கலைக்கழகங்கள், நிதியோடு வரும் ஆஃபருக்கு அந்தத் தேதிக்கு முன்னால் பதில் சொல்ல உங்களை வற்புறுத்தக் கூடாது. மன்றத்தின் இணையதளத்தில் பட்டியல் உண்டு. பணிவாக அவகாசம் கேளுங்கள். இன்னொரு இடத்தின் ஆஃபரைக் காட்டி, கட்டணம் ஏதும் குறைக்க முடியுமா என்று கேட்பதும் வழக்கத்தில் உள்ளதுதான்.

சேவை ஒப்பந்தம்

ஓசெப் பணம் இலவசம் அல்ல. உதவித்தொகை பெறும் ஒவ்வொரு கல்வி ஆண்டுக்கும் இரண்டு ஆண்டு வேலை செய்து கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டு நிதி என்றால் நான்கு ஆண்டு சேவை, மூன்று ஆண்டு என்றால் ஆறு. அதை முடிக்க, சேவை ஆண்டுகளோடு இன்னும் ஐந்து ஆண்டுகள் சேர்த்து அவகாசம். அதாவது நான்கு ஆண்டு சேவையைப் பயிற்சி முடிந்து ஒன்பது ஆண்டுக்குள் முடித்தால் போதும். பிள்ளைப்பேறு, குடும்பத்துக்காக ஊர் மாறுதல் எல்லாவற்றுக்கும் இந்த ஐந்து ஆண்டு இடம் தரும். முடிக்காவிட்டால், மீதமுள்ள பங்குக்கு ஏற்பப் பணத்தை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

எல்லா வேலையும் சேவையாகக் கணக்கில் வந்துவிடாது. நீங்கள் சேவை அளிப்பவர்களில் பெரும்பாலோர் சிறப்புக் கல்வியோ அது தொடர்பான சேவையோ பெறும் குழந்தைகளாக இருக்க வேண்டும். அல்லது உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் அத்தகைய குழந்தைகளுக்காகப் போக வேண்டும். பள்ளி உளவியலாளர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது. சிறப்புக் கல்வி மதிப்பீடுகளே பெரும்பாலான வேலையாக உள்ள மாவட்டத்தில் பிரச்சினை இல்லை. முழுக்கப் பொது வகுப்பு மாணவர்களுக்கான ஆலோசனை, நெருக்கடி உதவி என்று அமையும் வேலை கணக்கில் வராமல் போகலாம். வேலை ஏற்கும் முன் பணி விவரத்தை வாங்கித் திட்ட இயக்குநரிடம் காட்டுங்கள். டாக்டர் பட்டத் திட்டத்தில் இந்த வரையறை வேறு: ஆராய்ச்சி, பேராசிரியர் பணி, நிர்வாகம் போன்றவையும் ஏற்கப்படும்.

கையெழுத்துக்கு முன் இன்னும் இரண்டு கேள்வி. இன்டர்ன்ஷிப் ஆண்டில் மாவட்டமே நல்ல ஊதியம் தருகிறது என்றால், அந்த ஆண்டுக்கான உதவித்தொகையை வேண்டாம் என்று சொல்லலாமா? சொல்ல முடிந்தால் இரண்டு ஆண்டு சேவை குறையும். படிப்பை நடுவில் விட நேர்ந்தால் என்ன ஆகும்? நோய், மேற்படிப்பு போன்ற காரணங்களுக்காகச் சேவையைத் தள்ளிவைக்க விதியில் இடமுண்டு. நிரந்தர உடல் இயலாமை ஏற்பட்டால் விலக்கும் உண்டு. ஆனால் அவற்றுக்கு நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

மனநல நிதித் திட்டங்களில் நிபந்தனை திட்டத்துக்குத் திட்டம் மாறும். குறிப்பிட்ட மாவட்டத்தில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று இருந்தால், அந்த மாவட்டத்தை ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள். இந்த நிபந்தனைகளைக் கண்டு ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பள்ளியில் வேலை செய்வதுதான் உங்கள் நோக்கம் என்றால், எப்படியும் செய்யப்போகும் வேலைக்கே அரசு முன்பணம் தருகிறது. தயக்கம் இருப்பவர்கள் மட்டும் விலகிக்கொள்வது நல்லது.

வரியும் கடனும்

கல்விக் கட்டணத்துக்கும் கட்டாய இதரக் கட்டணங்களுக்கும் போகும் உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை. வாழ்க்கைச் செலவுக்கு வரும் ஸ்டைபெண்டுக்கு உண்டு. ஃபெல்லோஷிப் பணத்தில் பல இடங்களில் வரி பிடித்துக்கொள்ளாமலே தருவார்கள். அந்த வரியை நீங்களே தனியாகக் கட்ட வேண்டிவரும். அதனால் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். வரி விஷயத்தில் வெளிநாட்டவராகக் கருதப்படும் எஃப்-1 மாணவருக்கு ஃபெல்லோஷிப்பில் 14 சதவீதம் பிடிப்பது பொது விதி. இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தப்படி நிலையான கழிவு எடுக்க உரிமை உண்டு; வேறு நாட்டவர் பலருக்கு இது கிடையாது.

நிதி போக மீதிக்குக் கடன் வாங்க நேர்ந்தால், குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் மத்திய அரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை அக்டோபரில் நிரப்புங்கள். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு பட்டமேற்படிப்புக்கான கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் கிடையாது. பட்டமேற்படிப்பு மாணவர் ஆண்டுக்கு 20,500 டாலர் வரைதான் மத்திய அரசுக் கடன் பெறலாம். தொழில்முறைப் பட்டம் என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு உச்சவரம்பு அதிகம்; உங்கள் படிப்பு எதில் வருகிறது என்று நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். பொதுப் பள்ளியில் முழுநேர வேலை, பொதுச் சேவைக் கடன் தள்ளுபடிக்குத் தகுதியானது: 120 தவணை ஒழுங்காகக் கட்டினால் மீதி தள்ளுபடி. ஆசிரியர் கடன் தள்ளுபடித் திட்டம் வகுப்பு ஆசிரியர்களுக்கானது. பள்ளியில் வேலை பார்க்கிறோமே என்று அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

கையெழுத்துக்குப் பிறகு

ஒப்பந்தத்தின் நகல், ஒவ்வொரு பருவத்திலும் பெற்ற தொகை, திட்டத்தை விட்டு வெளியேறும்போது தரும் சான்று எல்லாவற்றையும் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள். பல்கலைக்கழக முகவரி படிப்பு முடிந்ததும் மூடப்படலாம். ஓசெப் சேவையைக் கண்காணிக்கத் தனி இணையப் பதிவு இருக்கிறது. வேலையில் சேர்ந்ததும் அதில் விவரம் கொடுத்து, பள்ளி நிர்வாகி அதை உறுதி செய்ய வைக்க வேண்டும். நீங்கள் நேர்மையாக வேலை செய்துகொண்டிருந்தாலும் பதிவு இல்லை என்றால் கணக்கில் ஏறாது. வீடு மாறினால் முகவரியை மாற்றுங்கள். ஒவ்வொரு பள்ளி ஆண்டின் முடிவிலும், நிர்வாகி மாறிப் போவதற்கு முன்னால், அந்த ஆண்டுக்கான உறுதிப்படுத்தலை வாங்கிவிடுங்கள்.